நான்காம் பக்கத்துப் பெண்

மே 8, காலை டியூட்டி

ரிசல்ட் வந்துவிட்டது. ஷைனி அறுநூறுக்கு ஐந்நூற்று முப்பத்தொன்று. கட்-ஆஃப் 172. வார்டில் எல்லாருக்கும் லட்டு வாங்கிக் கொடுத்தேன். கடைக்காரன் டப்பாவின் எடையையும் சேர்த்து நிறுத்தான். கேட்டால் சிரிக்கிறான்.

சாயங்காலம் நானும் இவங்களும் நர்சிங்கா பி.காமா என்று பேசிக்கொண்டிருந்தபோது ஷைனி குறுக்கே வந்தாள். "பயோமெடிக்கல் இன்ஜினியரிங் படிக்கப் போறேன்மா."

"அப்படின்னா?" என்று கேட்டார் இவங்க. பெயிண்ட் கடையில் இருபது வருஷமாக விற்பனையில் இருக்கிறவருக்கு அது என்ன தெரியும்.

"ஆஸ்பத்திரி மெஷின் எல்லாம் இருக்கும்லா. அத பாக்குற படிப்பு."

எனக்குத் தெரியும். இருபத்து நாலு வருஷமாக அந்த மெஷின்களோடுதான் இருக்கிறேன். எனக்குத் தெரியாதது ஒன்றுதான்: பதினேழு வயதுப் பெண்ணுக்கு இந்தப் பேரை யார் சொல்லிக்கொடுத்தது?

மே 9

கேஸ் சிலிண்டர் வந்தது. எடை போட்டுத்தான் இறக்கவேண்டும் என்று நின்றேன். சரியாக இருந்தது. அவன் கொண்டுவந்த தராசு சரியா என்பது வேறு விஷயம்.

மே 11, ஞாயிறு

ஆராதனை முடிந்து வந்தால் வாசலில் தம்பி கிங்ஸ்லி. கையில் ஒரு பை மாம்பழம். அப்பா போனபிறகு இவனைப் படிக்கவைத்து ஆளாக்கியது நான்தான். என் வளையல் நாலும் அவன் இன்ஜினியரிங் ஃபீஸுக்குப் போனது. இப்போது மதுரையில் ஒரு கம்பெனியில் மேனேஜர். கம்பெனி பேர் என் வாயில் நுழையாது.

ஷைனியின் ஆசையைச் சொன்னதும் அவன் முகம் மலர்ந்துவிட்டது. பையிலிருந்து ஒரு ப்ரோஷரை எடுத்தான். மதுரைப் பக்கத்துக் கல்லூரி. அங்கே அவனுக்கு வேண்டியவர் ஒருவர் இருக்கிறாராம். நல்லவேளையாகக் கையிலேயே வைத்திருந்தான்.

"சராசரிச் சம்பளம் வருஷத்துக்கு அஞ்சு லட்சத்தி எண்பதாயிரம்க்கா. கொரோனாவுக்கு அப்புறம் இந்தப் படிப்புக்கு இருக்கிற கிராக்கியே வேற. மேனேஜ்மென்ட் கோட்டாவுல இப்பவே போட்டுட்டா சீட்டு உறுதி. ஹாஸ்டலோட நாலு வருஷத்துக்குப் பத்து லட்சம். ஏழரை லட்சம் வரைக்கும் பேங்க்ல ஜாமீன் இல்லாமலே தருவாங்க."

பக்கம் பக்கமாகப் புரட்டினேன். நான்காம் பக்கத்தில் ஒரு படம். வெள்ளைக் கோட்டு போட்டுக் கையில் ஒரு கடிதத்தைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிற பெண். கீழே 'பி. சங்கரகோமதி, பயோமெடிக்கல், வருட ஊதியம் ரூ. 5.4 லட்சம்' என்று போட்டிருந்தது.

"இது எங்க ஆஸ்பத்திரிப் பிள்ளைல்லா! மெஷின் ரிப்பேர் பாக்குற கோமதி!"

"அப்படியா?" என்றான் கிங்ஸ்லி. ப்ரோஷரை வாங்கி மூடி வைத்தான். "மாம்பழத்த வெட்டுக்கா, வெயில்ல வெந்துடும்."

மே 14, காலை டியூட்டி

வருஷம் ஐந்து லட்சத்து நாற்பதாயிரம் என்றால் மாதம் நாற்பத்தைந்தாயிரம். எனக்கு இத்தனை வருஷத்துக்குப் பிறகு முப்பத்தோராயிரம். கோமதி இங்கே வந்து ஒரு வருஷம்தான் ஆகிறது. வயது இருபத்தாறு இருக்கும்.

இன்று அவளை நன்றாகக் கவனித்தேன். சிரிஞ்ச் பம்ப் ஒன்று சத்தம் போட்டுக்கொண்டே இருந்தது. தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து அதைப் பிரித்து, பல் விளக்குகிற பிரஷால் தூசி தட்டி, சரியாக்கிக் கொடுத்தாள். மத்தியானம் ஸ்டோர் ரூமில் தயிர்ச்சோறு சாப்பிட்டாள். செருப்பின் வாரை நூல் போட்டுத் தைத்திருக்கிறாள். அதே இரண்டு சுடிதார்தான் மாற்றி மாற்றி.

நாற்பத்தைந்தாயிரம் வாங்குகிறவள் இப்படி இருப்பாளா? இருந்தால், பணம் எங்கே போகிறது?

மே 16

நர்ஸ் ஸ்டேஷனில் எல்லாரும் டீ குடித்துக்கொண்டிருக்கும்போது சும்மா கேட்பதுபோலக் கேட்டேன். "கோமதி, உங்க படிப்புக்கெல்லாம் நல்ல சம்பளம்னு சொல்லுதாங்களே. உனக்கு எவ்வளவும்மா வரும்?"

அவள் டம்ளரையே பார்த்தாள். "குறைவு இல்ல சிஸ்டர். முப்பது முப்பத்திரண்டு வரும்."

ப்ரோஷரில் நாற்பத்தைந்து. வாயில் முப்பத்திரண்டு. ஒரே ஆளுக்கு இரண்டு சம்பளம் எப்படி?

மே 19

ஷைனியின் போன் சார்ஜில் கிடந்தது. கீழே விழுந்துவிடக்கூடாதே என்று எடுத்தேன். திரையில் தற்செயலாகக் கண்ணில் பட்டது: 'கோமதியக்கா'. கடந்த ஒரு வாரத்தில் மட்டும் நாலு அழைப்பு. ஒன்று இருபத்திரண்டு நிமிஷம்.

எனக்கு மத்தியானச் சாப்பாடு கொண்டுவந்து கொடுக்கிற சாக்கில் வார்டுக்கு வந்து நின்றது இதற்குத்தானா? நான் நர்ஸ், என் முகத்தைப் பார்க்கத்தான் பிள்ளை வருகிறாள் என்று இருந்தேன்.

ஷைனியிடம் நான் ஒன்றும் கேட்கவில்லை. கேட்டால் போனை எடுத்தது பெரிய பேச்சாகிவிடும்.

மே 21, மாலை டியூட்டி

டியூட்டிக்குப் போகும் முன் கிங்ஸ்லியைக் கூப்பிட்டேன். விஷயத்தைச் சொன்னேன். "இப்பல்லாம் காலேஜுக்காரன் பழைய ஸ்டூடன்ட்ஸ வச்சு ஆள் பிடிக்கான்க்கா. ஒரு சீட்டுக்கு இவ்வளவுன்னு கமிஷன் உண்டு" என்றான்.

"அந்தப் பிள்ளையும் வாங்குமோ?"

"படத்தையே போட்டிருக்கான். சும்மாவா குடுப்பா?" உடனே குரலை மாற்றினான். "அதுக்காகக் காலேஜ் மோசம்னு இல்லக்கா. காலேஜ் நல்ல காலேஜ். அம்பதாயிரம் கட்டி சீட்ட பிடிச்சிரு. அந்தப் பொண்ணு பேர்ல போகாம நம்ம வழியா போட்டுக்கிடுவோம்."

இதுதான் கூடப்பிறந்தவன் என்பது. வெளி ஆள் எவள் எவளோ லாபம் பார்க்க, இவன் ஓடி ஓடிச் செய்கிறான்.

மே 23

ஆர்.டி. முடிந்த பணத்திலிருந்து ஐம்பதாயிரத்தை எடுத்துக் கிங்ஸ்லி கையில் கொடுத்தேன்.

இவங்க சாப்பிடும்போது சொன்னார்: "கவுன்சிலிங் வரட்டுமே சீலி. மார்க்கு நல்லாத்தான இருக்கு."

"கவுன்சிலிங்ல நல்ல சீட்டெல்லாம் போயிடுமாம்."

"யாரு சொன்னா? கிங்ஸ்லியா?" ஒரு வாய் சாப்பிட்டுவிட்டு, "ரசீது குடுத்தானா?" என்றார்.

"என் தம்பிகிட்ட நான் ரசீது கேக்கணுமா?"

என் வீட்டாள் என்றால் இவருக்கு எப்போதும் ஒரு இளக்காரம். கல்யாணமான நாளிலிருந்து பார்க்கிறேன்.

மே 24

நிர்வாகத்துக்கு ஒரு கடிதம் எழுதி ஆலோசனைப் பெட்டியில் போட்டேன். பேர் எழுதவில்லை.

மே 26

தண்ணீர் லாரி வரவில்லை. துணி எல்லாம் ஊறுகிறது.

மே 28, காலை டியூட்டி

கோமதி இரண்டு நாளாக வரவில்லை.

அவள் ஆஸ்பத்திரி ஆள் இல்லை. ஏஜென்சி மூலமாக வந்தவள். நிர்வாக அதிகாரி ஏ.ஓ. சார் ஏஜென்சியைக் கூப்பிட்டு, இனி இவள் வேண்டாம் என்று சொல்லிவிட்டாராம். காரணம் யாருக்கும் தெரியவில்லை. எனக்கும் யாரும் சொல்லவில்லை.

ஈ.சி.ஜி. மெஷின் பேப்பரைக் கடித்துக்கொண்டு நிற்கிறது. இதற்கு முன்னால் ஒரு போன் போட்டால் ஐந்து நிமிஷத்தில் வந்து நிற்பாள். இப்போது மதுரையிலிருந்து ஆள் வரவேண்டும். மேல் மாடியிலிருந்து தள்ளிக்கொண்டு வந்த மெஷினில் எடுத்தோம்.

மே 30

அக்கவுன்ட்ஸ் பிரிவில் இருக்கும் மேரி வாய்விட்டுச் சொன்னாள். கோமதிக்கு ஆஸ்பத்திரி கொடுத்தது பதினெட்டாயிரத்து ஐந்நூறு. ஏஜென்சி பிடித்தம் போக அவள் கைக்கு வருவது பதினாறாயிரத்து எண்ணூறு.

பதினாறாயிரத்து எண்ணூறு. எங்கள் வார்டு ஆயாவுக்குப் பதினாலாயிரம்.

அப்படியானால் கமிஷன் அவளுக்குத் தேவைப்பட்டிருக்கும். நான் நினைத்தது சரியாகத்தான் இருக்கிறது. வறுமை என்பது வேறு, அடுத்தவர் பிள்ளையைப் பிடித்துக் கொடுப்பது வேறு.

தலைவலி. இரண்டு மாத்திரை போட்டேன்.

ஜூன் 1

ஷைனி மூன்று நாளாகச் சரியாகச் சாப்பிடவில்லை. என்ன என்றால் ஒன்றுமில்லை என்கிறாள். ஆராதனையில் பாட்டு நேரத்தில் வாயே திறக்கவில்லை.

ஜூன் 3, விடுப்பு

இன்று பேசிவிட்டாள். நான் பருப்பு கடைந்துகொண்டிருந்தேன். கையில் ஒரு நாற்பது பக்க நோட்டோடு வந்து அடுப்படித் திண்டில் வைத்தாள்.

"மாமா சொன்ன காலேஜ்ல நான் சேர மாட்டேன்."

"ஏட்டி, பணம் கட்டியாச்சு."

"யாரக் கேட்டுக் கட்டின? கோமதியக்கா அந்தக் காலேஜுக்குப் போகவே போகாதன்னு சொன்னாவ."

கரண்டியை வைத்தேன். "என்ன சொன்னா?"

"போகாதன்னு சொன்னாவ. அவியளும் மேனேஜ்மென்ட்லதான் சேர்ந்தாவ. அவிய அப்பா தறி ஓட்டுறவரு. இன்னைக்கும் மாசம் ஒம்பதாயிரம் தவணை கட்டுதாவ. அந்தப் படம் இருக்குலா, அது ஆஃபர் லெட்டர் வாங்குன அன்னைக்கு எடுத்தது. வேலைக்குப் போய்ப் பாத்தா பன்னண்டாயிரம்தான் சம்பளம். மெஷின் வித்துக் குடுத்தாத்தான் மீதி. நாலு மாசத்துல வெளிய வந்துட்டாவ. படத்த எடுங்கன்னு காலேஜுக்கு ரெண்டு தடவ மெயில் போட்டும் எடுக்கல."

"அப்போ எங்கிட்ட முப்பத்திரண்டுன்னு எதுக்குச் சொன்னா?"

"உங்கிட்ட எதுக்குச் சொன்னாவன்னு எனக்கென்ன தெரியும். எங்கிட்ட உள்ளதச் சொன்னாவ."

நோட்டைத் திறந்து காட்டினாள். ஒரு பக்கத்தில் சம்பளம் 16,800. அதிலிருந்து ஏழரை லட்சக் கடனுக்கு மாதத் தவணை பதிமூவாயிரம், ஹாஸ்டல், சாப்பாடு, பஸ், போன் எல்லாமாக எண்ணாயிரத்து ஐந்நூறு. கடைசியில் சிவப்பு மையில் மைனஸ் 4,700. அடுத்த பக்கம் கவுன்சிலிங். எங்கள் வீட்டில் யாரும் பட்டதாரி இல்லை. நான் படித்தது டிப்ளமோ, தாய்மாமன் படிப்பு கணக்கில் சேராது. அதனால் முதல் பட்டதாரி சான்றிதழ் வாங்கினால் ஃபீஸில் வருஷத்துக்கு இருபத்தைந்தாயிரம் குறையும். மூன்று லட்சக் கடன் போதும், தவணை ஐயாயிரம். அதே 16,800-ல் மிச்சம் 3,300.

"இந்தக் கணக்க அவியதான் போடச் சொன்னாவ. ப்ரோஷர்ல உள்ள சம்பளத்த எழுதாத, எனக்கு வர்றத எழுதுன்னாவ. இதப் பாத்த பிறகும் இந்தப் படிப்புதான் வேணும்னா படின்னாவ."

"முதல் பட்டதாரி விஷயத்த மாமா சொல்லலியே."

"மேனேஜ்மென்ட் சீட்டுக்கு அது கிடையாதும்மா. எப்படிச் சொல்வாவ?" நோட்டை எடுத்துக்கொண்டாள். "அவிய வேலை போச்சு, தெரியுமா? யாரோ மொட்டைக் கடுதாசி போட்டிருக்காங்க."

பருப்பு அடிப்பிடித்துவிட்டது. மறுபடி வைத்தேன்.

ஜூன் 5, மாலை டியூட்டி

காலையில் கல்லூரிக்கு நானே போன் செய்தேன். கட்டிய ஐம்பதாயிரத்தைத் திரும்ப வாங்க முடியுமா என்று கேட்டேன். பேசிய பெண் ஷைனியின் பேரைத் தேடிப் பார்த்துவிட்டுச் சொன்னாள்: "இருபத்தஞ்சாயிரம்தான் மேடம் கட்டியிருக்கு. ரீஃபண்ட் பத்தி நீங்க உங்க கன்சல்டன்ட் கிங்ஸ்லி சார்கிட்டயே பேசிக்கோங்க. அவர் எங்களோட ரொம்ப நாளா இருக்கார். இந்த வருஷம் மட்டும் பதினோரு அட்மிஷன் குடுத்திருக்கார்."

"அவர் கம்பெனியில மேனேஜர்லா?" என்று கேட்டேன்.

"அது தெரியல மேடம்" என்றாள்.

டியூட்டிக்குப் போனேன். ஏழு பேருக்கு ஊசி போட்டேன். ஒவ்வொரு மருந்தின் பேரையும் இரண்டு முறை வாசித்துப் பார்த்துத்தான் போட்டேன்.

ஜூன் 8, ஞாயிறு

கிங்ஸ்லியை வரச் சொல்லியிருந்தேன். ஷைனியும் அவள் அப்பாவும் இ-சேவை மையத்துக்கு முதல் பட்டதாரி சான்றிதழுக்குத் தேவையானதைக் கேட்டுவரக் கிளம்பினார்கள். ஞாயிற்றுக்கிழமை பூட்டியிருக்கும் என்று எனக்குத் தெரியும். இவங்களுக்கும் தெரிந்திருக்கும். ஆனாலும் போனார்.

"பதினோரு அட்மிஷனாமே" என்றேன்.

அவன் மறுக்கவில்லை. விசிறியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

"ஒரு சீட்டுக்கு எவ்வளவுடா?"

"முப்பது."

"ஷைனிக்குமா?"

"அதுல உனக்குப் பத்து திருப்பித் தரணும்னுதான் இருந்தேன்."

"நான் குடுத்ததுல இருபத்தஞ்சு எங்க?"

"வீட்டு வாடகை மூணு மாசம் பாக்கி."

"மேனேஜருக்கா?"

அப்போதுதான் என்னைப் பார்த்தான். "நான் எந்தக் கம்பெனிலக்கா மேனேஜர்? பேரைச் சொல்லு பார்ப்போம்."

என்னால் சொல்ல முடியவில்லை.

"ஒம்பதாயிரத்துக்குச் சேர்ந்தேன். அந்தக் கம்பெனிய மூடிட்டான். அடுத்தது பதிமூணு. கொரோனாவுல அதுவும் போச்சு. பதினாலு வருஷமா ஊரு பூரா 'என் தம்பி இன்ஜினியரு, என் தம்பி இன்ஜினியரு'ன்னு சொல்லிட்டு அலையுத. என் சம்பளம் எவ்வளவுன்னு ஒருநாள், ஒரே ஒருநாள் கேட்டியா? அந்தப் பொண்ணுகிட்ட ஒரு வாரத்துல கேட்டுட்ட."

"நீ சொல்லியிருக்கலாம்லா."

"உன் வளையல வித்துப் படிச்சவன் பதிமூவாயிரம் வாங்குதான்னு எந்த மூஞ்சியோட வந்து சொல்ல?"

"அதுக்கு என் பிள்ளையையே விப்பியா?"

எழுந்துகொண்டான். "விக்கல. நல்லா வந்துருவாங்கன்னுதான் எல்லா பிள்ளையளையும் அனுப்புதேன். நானும் அப்படித்தான் போனேன்." செருப்பை மாட்டிக்கொண்டு, திரும்பாமலே சொன்னான்: "கோமதியப் பத்தி நான் சொன்னது பொய். எனக்கு அந்தப் பொண்ண யாருன்னே தெரியாது. நீ படத்தக் காட்டவும், அவ உள்ளதச் சொல்லிருவாளோன்னு பயந்துட்டேன்."

காபி போட்டு வைத்திருந்தேன். குடிக்காமல் போனான்.

ஜூன் 9

எழுத ஒன்றுமில்லை.

ஜூன் 12, விடுப்பு

சங்கரன்கோவிலுக்குப் பஸ் ஏறினேன். வீட்டில் தூத்துக்குடியில் ஒரு கூட்டம் என்று சொன்னேன். மேரி கொடுத்த விலாசம் கையில் இருந்தது. தறிச் சத்தம் கேட்கிற தெரு. கோமதியின் அம்மா வாசலில் என்னைப் பார்த்ததும், "ஆஸ்பத்திரியில இருந்தா? திரும்பக் கூப்பிடுதாங்களா?" என்று கேட்டு நாற்காலியைத் துடைத்துப் போட்டார். அந்த நாற்காலியில் எப்படி உட்கார்ந்தேன் என்று தெரியவில்லை.

கோமதி அம்மாவைக் கலர் சோடா வாங்க அனுப்பினாள். பிறகு, "சொல்லுங்க சிஸ்டர்" என்றாள்.

"அந்தக் கடுதாசி..."

"நீங்க எழுதினது. ஏ.ஓ. சார் காட்டினாரு. ரிப்பேர் நோட்டுல தினமும் உங்க கையெழுத்ததான பாக்கேன். பாத்ததும் தெரிஞ்சிட்டு."

"அங்கயே சொல்லியிருக்கலாமே."

"சொன்னா? உங்கள அனுப்பிட்டு என்னய வச்சிக்கிடுவாங்களா?" கோபமாகச் சொல்லவில்லை. வார்டில் ஃப்யூஸ் போய்விட்டது என்று சொல்கிற அதே குரல். "எங்கிட்ட நேரா கேட்டிருக்கலாம் சிஸ்டர்."

"கேட்டேன். நீ முப்பத்திரண்டுன்ன."

"எல்லாரும் டீ குடிச்சிட்டு இருக்கையில கேட்டிய. பதினாறாயிரத்தி எண்ணூறுன்னு அத்தன பேர் முன்னால எப்படிச் சொல்ல? பி.இ. படிச்சவன்னு என்னய நாற்காலில உட்காரச் சொல்றதே நீங்க நாலு பேருதான்."

ஷைனிக்கு ஏன் அவ்வளவு நேரம் செலவழித்தாள் என்று கேட்டேன்.

"கேட்டா சொல்லிக்கொடுக்கக் கூடாதா? எனக்குச் சொல்ல ஆளில்ல." கொஞ்சம் நிறுத்தினாள். "வேலை நல்ல வேலைதான் சிஸ்டர். நின்னு போன மெஷின் திரும்ப ஓடும்போது எனக்கு இன்னும் சந்தோஷமாத்தான் இருக்கு. கடன் கம்மியா இருந்தா நாலு வருஷம் பல்லக் கடிச்சுட்டு வேலையக் கத்துக்கிட்டு நல்ல இடத்துக்குப் போகலாம். எனக்கு ஒம்பதாயிரம் தவணை. முதல்ல எவன் கூப்பிட்டானோ அவன்கிட்டப் போனேன். இப்பவும் அப்படித்தான். சென்னையில டயாலிசிஸ் மெஷின் பாக்குற வேலை, பத்தொம்பதாயிரம். திங்கக்கிழமை போறேன்."

பிறகு ஒன்று கேட்டாள். கடிதத்தின் இரண்டாவது வரியைப் பற்றி. அதை இங்கே எழுத எனக்கு இன்று தெம்பில்லை.

மன்னிப்புக் கேட்டேன். தலையை மட்டும் அசைத்தாள். அது சரி என்கிற அசைவு இல்லை. அவள் அம்மா கலர் கொண்டுவந்தார். குடித்தேன். குடிக்காமல் எழுந்தால் அந்த அம்மா என்ன நினைப்பார்.

ஜூன் 14, காலை டியூட்டி

என் பேரைப் போட்டு, கையெழுத்துப் போட்டு, நடந்ததை எழுதி ஏ.ஓ. சாரிடம் நேரில் கொடுத்தேன். வேலை போனாலும் போகட்டும் என்றுதான் போனேன்.

வாசித்தார். மடித்து என் பக்கமே தள்ளினார். "இது எதுக்கு சிஸ்டர் இப்போ? அந்தப் பொண்ணு போயாச்சு. ஏஜென்சிக்காரன் ஆயிரம் ரூபாய் கம்மிக்கு வேற ஆள் தர்றேங்கான். நீங்க வார்டுக்குப் போங்க."

"ஃபைல்ல வைங்க சார்."

"வச்சா அவளுக்கு என்ன, உங்களுக்கு என்ன?"

"வைங்க சார்" என்று மறுபடி சொன்னேன். மேஜையிலேயே விட்டுவிட்டு வந்தேன். வைத்தாரா என்று தெரியாது.

ஜூலை 2

ரேங்க் லிஸ்ட் வந்தது. ரேங்க் பரவாயில்லை.

கிங்ஸ்லி ஐயாயிரம் அனுப்பியிருந்தான். போன் செய்தேன். பணத்தைப் பற்றிப் பேசவில்லை. சாப்பிட்டாயா என்றேன், ஆமாம் என்றான். இப்போது சம்பளம் எவ்வளவு என்று கேட்டேன். சொன்னான். நான் யாரிடமும் சொல்லவில்லை. இங்கும் எழுதப்போவதில்லை.

ஆகஸ்ட் 5

சீட்டு கிடைத்துவிட்டது. பயோமெடிக்கல்தான், சென்னைக்குப் பக்கத்தில். கல்லூரிகளின் வரிசையை ஷைனியே போட்டாள். ஒவ்வொரு கல்லூரியிலும் முடித்தவர்கள் இரண்டு பேரையாவது தேடிப் பிடித்துப் பேசியிருக்கிறாள். நானும் இவங்களும் பக்கத்தில் உட்கார்ந்திருந்தோம், அவ்வளவுதான். இருபத்து நாலு வருஷமாக நான் எதையும் சரிபார்க்காமல் விட்டதில்லை. இதை விட்டேன்.

ஆகஸ்ட் 20, விடுப்பு

கடன் விண்ணப்பத்துக்காக நானும் ஷைனியும் பேங்குக்குப் போனோம். மூன்று லட்சம். விண்ணப்பத்தில் ஒரு கட்டம், படிப்பு முடித்தபின் எதிர்பார்க்கும் மாத வருமானம். ஷைனி 17,000 என்று எழுதினாள்.

அதிகாரி சின்ன வயசுக்காரர். "எல்லாரும் நாப்பது, அம்பதுன்னு போடுவாங்கம்மா. இவ்வளவு கம்மியா யாரும் போட்டதில்ல. மாத்திக்கிறியா?"

"எனக்குத் தெரிஞ்சது இதுதான் சார்."

அவர் என்னைப் பார்த்தார். "எழுதினது சரிதான் சார்" என்றேன். அவர் தோளைக் குலுக்கிவிட்டு முத்திரை குத்தினார்.

வெளியே பஸ் ஸ்டாப்பில் வெயில். பிள்ளை சந்தோஷமாக இருந்தாள். "கோமதியக்காட்ட சொன்னா சிரிப்பாவ" என்றாள். இதற்குமேல் வைத்திருக்க முடியாது என்று தோன்றியது. மொட்டைக் கடுதாசி போட்டது நான்தான் என்று சொன்னேன்.

அவள் கத்துவாள் என்று நினைத்தேன். கத்தவில்லை. "என்ன எழுதின? எழுதினத அப்படியே சொல்லு" என்றாள்.

சொன்னேன். முதல் வரி: 'மெஷின் பராமரிக்கும் கோமதி வேலை நேரத்தில் ஒரு கல்லூரிக்கு ஆள் பிடித்துக் கமிஷன் வாங்குகிறார்.' அதற்கு யாரையும் வேலையை விட்டு எடுக்கமாட்டார்கள் என்று எனக்குத் தெரியும். அதனால் இரண்டாவது வரி எழுதினேன்: 'மூன்றாம் படுக்கையின் மானிட்டரைச் சரிபார்க்காமலே சரிபார்த்ததாகக் கையெழுத்துப் போட்டிருக்கிறார், நோயாளியின் உயிருக்கு ஆபத்து.'

"பாக்காமத்தான் போட்டாவளா?"

"இல்ல. அரை மணி நேரம் பாத்தா. நான் பக்கத்துலதான் நின்னேன்."

ஷைனி என்னையே பார்த்துக்கொண்டு நின்றாள். இரண்டு பஸ் வந்து போனது. மூன்றாவதில் ஏறினாள். நானும் ஏறினேன். என் பக்கத்தில் இடம் இருந்தும் முன்னால் போய், யாரோ ஒரு அம்மா பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள்.

வீட்டுக்கு வந்து இவங்களிடமும் நானே சொன்னேன். "அந்தப் பிள்ள இப்ப நல்லாருக்கா?" என்று மட்டும் ஷைனியிடம் கேட்டார்.

"ரெண்டு மாசத் தவணை விட்டுப்போச்சாம்ப்பா. இப்பதான் கட்டி முடிச்சாவ."

விளக்கு வைக்கிற நேரத்தில் ஷைனி அடுப்படிக்கு வந்தாள். நிலையில் சாய்ந்துகொண்டு, என் முகத்தைப் பார்க்காமல் பேசினாள்.

"காலேஜ்ல சேர்க்க அப்பா வரட்டும். முந்தின நாளே போயிட்டா கோமதியக்காவையும் பாத்துடலாம். நீ வர வேண்டாம்மா."

சரி என்றேன்.

ரயிலில் இரண்டு டிக்கெட் போட்டேன். மூன்று பேராகப் போவதாக நினைத்து ஆஸ்பத்திரியில் நாலு நாள் லீவு எழுதிக் கொடுத்திருக்கிறேன். நாளைக்குப் போய் அதை ரத்து செய்யவேண்டும்.